நர்ஸம்மா மேல நான் எழுதின பத்து வார்த்தை

சின்னவளே, நேத்து சாயங்காலம் நீ பரீட்சைக்கு இங்கிலீஷ் வார்த்தைகளை மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தே. குறை சொல்கிற ஆளுங்களுக்கு இங்கிலீஷில் என்னென்ன பேர் இருக்குன்னு அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. கிரிட்டிக், ஃபால்ட் ஃபைண்டர், கிரம்ப்ளர் என்று நீ சொல்லச் சொல்ல, உன் அண்ணன் ஒவ்வொரு பேரையும் வீட்டு ஆளுங்க தலையில் கட்டினான். "கிரம்ப்ளர் நம்ம அம்மா. ஃபால்ட் ஃபைண்டர் யாருன்னு சொல்லவே வேணாம், அப்பாதான்." ரெண்டு பேரும் சிரிச்சீங்க. நான் தட்டைப் பாதியில் வச்சிட்டு எழுந்து போனேன். அப்பாவுக்குக் கோபம்னு நெனச்சிருப்பீங்க. கோபம் இல்லை. முப்பது வருஷம் கழிச்சு அந்த வார்த்தைகளைக் காதால் கேட்டதும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வாயால் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது தாண்டாதவன், எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கங்க.

அப்போ எனக்குப் பதிமூணு வயசு. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். உங்க தாத்தா பாத்திரக்கடையில் வேலை. எதிர்வீடு மாவு மில்காரர். காலையில் கோதுமை, மத்தியானம் மிளகாய் அரைப்பார்கள். மிளகாய் அரைக்கிற நேரத்தில் சந்து முழுக்க ஒரே தும்மல். மில் பெல்ட்டு ஓடுகிற சத்தம் நின்றால்தான் காதுக்குள் ஒரு மாதிரி கொய்னு கேட்கும்.

சந்து முனையில் முனிசிபாலிட்டி பிரசவ வார்டு. ஓடு போட்ட கட்டிடம், எட்டுக் கட்டில். அதில் ஒரு நர்ஸம்மா. ஆரணிப் பக்கத்துக்காரங்க, நாப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகாதவங்க. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, ஆண்பிள்ளை சைக்கிளில்லை, பெண்பிள்ளை சைக்கிள். ஹேண்டில்பாரில் ஒரு கறுப்புப் பை தொங்கும். அதுக்குள் ஊசியைக் கொதிக்க வைக்கிற எவர்சில்வர் டப்பா, ரத்தக் கொதிப்புப் பார்க்கிற, பாதரசம் ஏறி இறங்குகிற பெட்டி. அந்தப் பெட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. பை திறந்தால் ஸ்பிரிட் வாசனை வரும்.

அவங்க சைக்கிள் மணி கேட்டாலே பொம்பளைங்க உள்ளே போய்டுவாங்க. கூப்பிடாமலே வீட்டுக்குள் நுழைஞ்சு குடத்தை எட்டிப் பார்ப்பாங்க. "இன்னாம்மா இது, தண்ணியில பூச்சி நெளியுது. இதைத்தான் குழந்தைக்குக் குடுக்கறியா?" தொட்டிலைப் பார்த்தால், "இவ்ளோ துணி இன்னாத்துக்கு சுத்தி வச்சிருக்கே? அவிஞ்சி போயிடும்." நெத்தி மையைப் பார்த்தால், "இந்த மையைக் கண்ணுல வேற வக்கிறியா?" நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை அவங்க வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. வளையல் கடை அம்மா அவங்களுக்கு "குறை" என்றே பேர் வச்சிருந்தாங்க. "குறை வருது பாரு, கதவைச் சாத்து."

மில்காரர் மருமகளுக்கு முதல் பிரசவம் அந்த நர்ஸம்மா கையில்தான். பிறந்த குழந்தை வாயில் சர்க்கரைத் தண்ணி விடப் போனவங்க கையை நர்ஸம்மா தட்டிவிட்டாங்க. பையன் கொழுகொழுன்னு வளர்ந்தான். ஆனால் மில்காரர் வீட்டில் ஞாபகம் வச்சிருந்தது கையைத் தட்டிவிட்டதைத்தான்.

அந்த வருஷம் எங்க அம்மா முழுகாமல் இருந்தாங்க. எனக்குப் பதிமூணு வயசு ஆன பிறகு. அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போகிறதில்லை, கல்யாணத்துக்குப் போகிறதில்லை. தண்ணிக்கு மட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முந்தானையை முன்னால் இழுத்து விட்டுக்கிட்டு, குழாயடிக்குப் போவாங்க. வார்டுக்குப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் குழாயில் தண்ணி லேட்டாக வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நிற்கிறாங்க. நானும் அம்மாவுக்குக் குடம் தூக்கப் போயிருந்தேன். நர்ஸம்மா சைக்கிளில் வந்தவங்க இறங்கி நேரா அம்மா காலைப் பார்த்தாங்க.

"இன்னாம்மா காலு இது? தூணு மாதிரி வீங்கிக் கீது. எத்தினி மாசம்?"

அம்மா தலையைக் குனிஞ்சாங்க.

"உன்னைத்தான் கேக்கறேன். வயித்துல புள்ளைய வச்சிக்கினு வெட்கப்பட்டா ஆச்சா? உப்பை நிறுத்து. ஊறுகாயைத் தொடாதே. நாளைக்கு வார்டுக்கு வரணும். வரலைன்னா நானே வீட்டுக்கு வருவேன்."

சுத்தி நின்றவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. யாரோ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா குடத்தை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு நடந்தாங்க. அன்னிக்கு முழுக்க அழுதாங்க. அப்பா கடையிலிருந்து வந்து விஷயம் தெரிஞ்சதும், "இனிமே அவ இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்றார். மறுநாள் நர்ஸம்மா வந்தாங்க. கதவைத் தட்டினாங்க. நாங்க உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு சத்தம் போடாமல் இருந்தோம். "நீங்க உள்ள இருக்கறது தெரியுது" என்று சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு தடவை அப்படி வந்தாங்க.

எங்க ஊரில் ஒரு உத்தியோகஸ்தரைப் பிடிக்கலைன்னா அப்போ ஒரே வழிதான், மொட்டைக் கடுதாசி. பேர் போடாமல் எழுதி, கீழே நலம் விரும்பின்னு போட்டு, வேலூருக்கு அனுப்புவாங்க. அப்போ நம்ம ஊர் மாவட்டம் ஆகவில்லை, எல்லாத்துக்கும் வேலூர்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மில்லை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, உள்ளே மூணு பேர் உட்கார்ந்தாங்க. அப்பா, மில்காரர், வளையல் கடை அம்மா. என்னையும் கூப்பிட்டாங்க. மாவு மூட்டை சூடு இன்னும் ஆறவில்லை. என் டவுசர் பின்னால் வெள்ளையாய் ஒட்டிக்கிட்டது.

"தமிழ்ல எழுதினா அப்படியே குப்பையில போட்டுடுவான்" என்றார் மில்காரர். "இங்கிலீஷ்ல போணும். நம்ம நைனா இருக்கான் இல்ல" என்று என்னைக் காட்டினார்.

"பையன் கையெழுத்துன்னு தெரிஞ்சிடாதா?" என்றாங்க வளையல் கடை அம்மா.

"வெள்ளைக்காரங்க வந்து தங்கற ஆசிரமத்துப் பக்கத்துல கீற தபால் பெட்டியில போட்டுட்டா, யாரோ வெள்ளைக்காரன் எழுதினதுன்னு நெனச்சிக்குவாங்க" என்றார் அப்பா. அப்பா இப்படி யோசிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

என்கிட்ட ஒரு புத்தகம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் விற்கிற மெலிசான புத்தகம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு. குறை சொல்பவர்கள் என்கிற பக்கத்தில் பத்து வார்த்தை. நான் படிச்சுக் காட்டினேன். கிரிட்டிக், ஃபால்ட் ஃபைண்டர், கிரம்ப்ளர், நேகர், சென்சர், கம்ப்ளெய்னர், பேக்பைட்டர், அக்யூசர், கண்டெம்னர், டிட்ராக்டர்.

மில்காரர் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார், பாட்டுக் கேட்கிற மாதிரி. "கடைசியா இன்னா சொன்னே?"

"டிட்ராக்டர்."

"அது கனமா கீது. அதை முதல்ல போடு."

"கண்ணு, அந்த கண்டெம்னரும் போடு" என்றாங்க வளையல் கடை அம்மா. "கேக்கறப்பவே ஜெயிலு மாதிரி இருக்குது."

"எல்லாமே ஒரே அர்த்தம்தான் அத்தை."

"இருக்கட்டும். பத்து இருந்தா பத்து குத்தம்."

பத்தையும் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி. அவங்க ஒரு டிட்ராக்டர். அவங்க ஒரு கண்டெம்னர். நோட்டுப் பேப்பரில் பாதிப் பக்கம் கூட நிறையவில்லை. அவங்க என்ன தப்புப் பண்ணினாங்கன்னு ஒரு இடத்திலும் இல்லை. எனக்கே அது வெறுமையாகத் தெரிஞ்சது. அம்மா அழுதது ஞாபகம் வந்தது. அதனால் நானாகவே ஒரு பத்தி சேர்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு கர்ப்பிணி காலை எல்லார் முன்னாலும் இவங்க குறை சொன்னாங்க. அந்த அவமானத்தில் அந்தப் பெண்ணுக்கு இப்போ முகமும் கையும் வீங்கிப் போச்சு, வளையல் கழட்ட முடியவில்லை, தலைவலி விடாமல் இருக்கு, கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி தெரிகிறது. இவ்வளவும் இவங்க வாயால் வந்தது.

எல்லாம் உண்மை. அழுது அழுதுதான் முகம் வீங்கிச்சுன்னு நான் சத்தியமா நம்பினேன். அப்பாவும் நம்பினார். "பாவம், மனசு ஒடைஞ்சிட்டா" என்பார். அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும்னு தினமும் கடைத்தெருவிலிருந்து அப்பளமும் ஊறுகாயும் வாங்கிட்டு வந்தார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

திங்கக்கிழமை கடுதாசி போச்சு. சனிக்கிழமை வேலூரிலிருந்து ஜீப் வந்தது. மாசாமாசம் வார்டைப் பார்க்க வருகிற டாக்டரம்மாதான், இந்தத் தடவை கையில் கடுதாசியும் இருந்தது. சந்திலிருந்து நாலு பேர் வரச் சொல்லி ஆள் விட்டாங்க. அப்பாவும் மில்காரரும் வேட்டி மாத்திக்கிட்டுப் போனாங்க. நானும் பின்னால் போனேன். பள்ளிக்கூடம் லீவு.

வார்டு வராண்டாவில் டாக்டரம்மா நாற்காலியில். நர்ஸம்மா ஓரமாய் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. அவங்க பயந்த மாதிரியே தெரியவில்லை. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, இங்கிலீஷை எங்களுக்காகத் தமிழில் சொன்னாங்க.

"இவங்க குறை சொல்றவங்க. இவங்க குத்தம் கண்டுபிடிக்கறவங்க. இவங்க முணுமுணுக்கறவங்க. இவங்க புகார் சொல்றவங்க." நிறுத்திட்டு எங்களைப் பார்த்தாங்க. "பத்து வரி இருக்கு. பத்தும் ஒண்ணுதான். லஞ்சம் வாங்கினாங்களா? வேலைக்கு வரலையா? யாரையாவது அடிச்சாங்களா?"

மில்காரர் தொண்டையைச் செருமினார்.

"குறை சொல்றதுக்குத்தான் கவர்மெண்டு இவங்களுக்குச் சம்பளம் குடுக்குது" என்று சொல்லிட்டு டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பினாங்க. நான் சேர்த்த பத்தி. அதையும் தமிழில் சொன்னாங்க. காலைக் குறை சொன்னது, முகம் வீங்கினது, வளையல், தலைவலி, கண் முன்னால் பூச்சி.

நர்ஸம்மா கட்டியிருந்த கையை எடுத்தாங்க.

"டாக்டர், அந்த வரியைத் திரும்பப் படிங்க."

டாக்டரம்மா படிச்சாங்க. படிக்கும்போதே அவங்க குரலும் மாறிப் போச்சு.

"நான் காலை மட்டும்தான் பார்த்தேன்" என்றாங்க நர்ஸம்மா. "மூஞ்சி வீங்கினது எனக்குத் தெரியாது. தலைவலி தெரியாது. கதவைத் தொறக்கவே இல்ல." அப்புறம் எங்க பக்கம் திரும்பி, பொதுவாகக் கேட்டாங்க. "எத்தினி நாளா கண்ணுல பூச்சி பறக்குது?"

அப்பா தரையைப் பார்த்தார். பதில் சொன்னால் கடுதாசி எழுதினது யாருன்னு தெரிஞ்சு போகும். அதனால்தான் அப்பா பேசவில்லை. இன்னிக்கு வரைக்கும் எனக்குத் திக்குனு இருக்கிறது அந்த நிமிஷம்தான். என் அப்பா, எங்க அம்மாவை அவ்வளவு ஆசையாய் வச்சிருந்த மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

"எட்டு நாளா" என்றேன் நான்.

நர்ஸம்மா என்னைத் திட்டவில்லை. பையை எடுத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சாங்க. அவங்க ஓடி யாரும் பார்த்ததில்லை. பின்னாலேயே டாக்டரம்மா. வீட்டில் அம்மா பாயில் படுத்திருந்தாங்க. கொதிப்புப் பார்க்கக் கட்டின பட்டை அம்மா கையில் சரியாக நிற்கவில்லை, அவ்வளவு வீக்கம். பாதரசம் ஏறிக்கிட்டே போச்சு. டாக்டரம்மா அதைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை இங்கிலீஷில் சொன்னாங்க. என் புத்தகத்தில் இல்லாத வார்த்தை. அந்த ஜீப்பிலேயே அம்மாவை ஏத்தினாங்க. நர்ஸம்மா பின்னால் உட்கார்ந்து அம்மா தலையை மடியில் வச்சுக்கிட்டாங்க. தார்ப்பாய் மூடி, பெட்ரோல் நாத்தத்தோடு ஜீப் போச்சு. அப்பா செருப்பு போடாமல் ஏறிட்டார்.

போளூர் தாண்டும்போது அம்மாவுக்கு வலிப்பு வந்ததாம். நாக்கைக் கடிச்சிடாமல் நர்ஸம்மா தன் புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் வச்சாங்களாம். ஒரு மணி நேரம் லேட்டாகியிருந்தால் ரெண்டு உயிரும் இல்லைன்னு வேலூரில் சொன்னாங்களாம். அன்னிக்குச் சாயங்காலமே குழந்தையை எடுத்தாங்க. கையளவு குழந்தை. அதுதான் உங்க அத்தை.

இத்தோடு முடிஞ்சதுன்னு நான் நெனச்சேன். முடியவில்லை. டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னது இதுதான். மேலிடத்துக்குப் போன கடுதாசி, ஃபைலில் நம்பர் போட்டாச்சு. எழுதினது நாங்கதான், அதில் இருக்கிறது பொய்னு ஒருத்தர் பேர் போட்டு எழுதிக் குடுத்தால் மூடிடலாம். இல்லைன்னா தகராறு வேண்டாம்னு அந்தம்மாவை வேற ஊருக்கு மாத்திடுவாங்க, அதுதான் வழக்கம்.

அப்பா மில்காரரைப் போய்ப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டா நாளைக்கு நம்மளைக் கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க" என்றார் மில்காரர். "உன் பையன்தான் எழுதினான். அவனைப் பள்ளிக்கூடத்துல வச்சிருப்பாங்களா? யோசி." வளையல் கடை அம்மா, "நான் எழுத்து தெரியாதவ, என்னை விட்டுடுங்க" என்றாங்க. அப்பா ரெண்டு வாரம் யோசிச்சார். ஒரு பேப்பரில் எழுதக் கூட ஆரம்பிச்சார், நான் பார்த்தேன். அப்புறம் அதைக் கிழிச்சு அடுப்பில் போட்டார். என்னைக் காப்பாத்தத்தான்னு அம்மாவிடம் சொன்னார். அது உண்மையா, தன்னைக் காப்பாத்தவான்னு எனக்கு இப்பவும் தெரியாது. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டு நாளா என்று ஒரு தடவை வாயைத் திறந்தவன், ரெண்டாவது தடவை திறக்கவில்லை.

நர்ஸம்மாவுக்கு ஜவ்வாது மலை மேல ஒரு ஊருக்கு ஆர்டர் வந்தது. கிளம்புகிற அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்தாங்க. கதவு திறந்தே இருந்தது. குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "எடை கம்மி. பால் சரியா குடுக்கறியா?" என்றாங்க. ஜன்னலைத் திறந்து விட்டாங்க. அம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "அழுவாதே, மறுபடியும் கொதிப்பு ஏறும்" என்று அதட்டினாங்க. அப்பா கடைக்குப் போயிருந்தார். வேணும்னே போயிருந்தார்.

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது நான் நின்றிருந்தேன். என்னைத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"நீ எழுதினதைப் படிச்சேன்" என்றாங்க. "முதல் பத்து வரி தண்டம். அந்தப் பத்து வரியில என்னைப் பத்தியும் ஒண்ணும் இல்ல, உன்னைப் பத்தியும் ஒண்ணும் இல்ல. மூஞ்சி வீங்கிச்சு, வளையல் கழட்ட முடியலைன்னு எழுதினே பாரு, அது ஒண்ணுதான் எழுத்து." பையை ஹேண்டில்பாரில் மாட்டிட்டு ஏறிப் போய்ட்டாங்க. அதுக்கப்புறம் அவங்களை நான் பார்க்கவில்லை.

வார்டுக்குப் புது ஆள் போட நாலு மாசம் ஆச்சு. கட்டிடத்தில் பூட்டு தொங்கிச்சு. அந்த நடுவில் மில்காரர் மருமகளுக்கு ரெண்டாவது பிரசவம். வீட்டிலேயே பார்த்தாங்க. பெண் குழந்தை. மருமகள் பிழைச்சாங்க. குழந்தைக்கு ஆறாம் நாள் இசிவு வந்து, உடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு, உயிர் போய்டுச்சு.

அதுக்கு மறுநாள் மில் ஓடவில்லை. மில்காரர் எங்க வீட்டுக்குள் வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். மீசையெல்லாம் மாவு. அப்பா எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தம்மா இருந்திருந்தா" என்று ஆரம்பிச்சார் மில்காரர். "கத்தியைக் கொதிக்க வச்சியான்னு கேட்டிருக்கும். தொப்புள்ல இன்னாத்துக்குச் சாம்பல் வச்சேன்னு கையைத் தட்டி விட்டிருக்கும். இத்தினி பேரு உள்ள இன்னா வேலைன்னு தொரத்தியிருக்கும். குழந்தை பால் குடிக்கலைன்னு நேத்தே ஏன் சொல்லலைன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கும்."

ஒண்ணொண்ணாய்ச் சொல்லிக்கிட்டே போனார். உள்ளே என் தங்கச்சி பாலுக்கு அழ ஆரம்பிச்சது. மில்காரர் சொல்லிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டு, அந்த அழுகை அடங்குகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.